தொலைந்த பார்சலும் வெளுத்துப்போன ரசீதும்: வாசகர் கேள்வி பதில்

பழைய நோட்டு, நாணயம், தபால்தலை சேர்ப்பவர்கள் எழுதலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் சேகரிப்பைப் பற்றிப் பேசியவை குறைவு. அனுப்பியது எங்கே போச்சு, வரவேண்டியது ஏன் வரவில்லை என்ற புலம்பல்தான் அதிகம். சரி, இந்த முறை அதையே எடுத்துக்கொள்வோம்.

ரோஸ் ஹில் வாசகர்: ஐயா, வணக்கம். மாமா காலமான பிறகு அவர் பீரோவைச் சுத்தம் செய்தபோது 1998ஆம் வருடத்து மொரிஷியஸ் நூறு ரூபாய் நோட்டு மூன்று கிடைத்தன, ஒரு மடிப்புகூட இல்லை. ரீயூனியனில் செயின்ட் ஆந்த்ரேயில் இருக்கும் அத்தை மகன் ஒன்று கேட்கிறான். பக்கத்துத் தீவுதானே, லேமினேட் செய்து கவரில் போட்டு அனுப்பிவிடலாமா?

பதில்: முதலில் அந்த லேமினேட் மெஷின் பக்கமே போகாதீர்கள். சூடு பட்டுப் பிளாஸ்டிக் ஒட்டிய நோட்டைச் சேகரிப்பாளர் யாரும் கையில் வாங்கிப் பார்க்கக்கூட மாட்டார். அதுவும் இது சாதாரண நோட்டு இல்லை. இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நம் நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதன்பின் இந்தி என்று இருந்த வரிசையை 1998இல் மாற்றித் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். ஊரே கொதித்தது, நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, அடுத்த வருடமே பழைய வரிசையோடு புது நோட்டு வந்தது. நூறு ரூபாயில் இருக்கும் முகம் நம் நாட்டு அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசனுடையது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு தமிழர் முகத்துக்குப் பக்கத்திலேயே தமிழ் ஒரு படி கீழே! உங்கள் மாமா மூன்றை எடுத்து வைத்தது சும்மா இல்லை.

இப்போது அனுப்புவதைப் பற்றி. உலகத் தபால் ஒன்றியத்தின் விதிப்படி ரூபாய் நோட்டு, நாணயம், தங்கம், வெள்ளி, நகை எதையும் சாதாத் தபாலில் வைக்கக்கூடாது. அனுப்பும் நாடு, பெறும் நாடு இரண்டின் சட்டமும் ஒத்துக்கொண்டால் மூடிய உறையில் ரெஜிஸ்டராகவோ, இன்சூர் செய்தோ அனுப்பலாம். ஆகவே கவுண்டரில் இரண்டு கேள்வி கேளுங்கள்: ரீயூனியனுக்கு நோட்டை ஏற்பீர்களா, எவ்வளவு தொகை வரை இன்சூர் செய்வீர்கள்? கேட்காமல் சாதாக் கவரில் போட்டுவிட்டு அது தொலைந்தால் ஒரு சதம்கூடத் திரும்பாது, ஏனென்றால் தப்பு உங்கள் பக்கம்.

ரெஜிஸ்டர் செய்துவிட்டோமே என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி. ரெஜிஸ்டர் கடிதம் தொலைந்தால் சர்வதேச விதியில் இருக்கும் வழக்கமான நட்ட ஈடு 30 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஏறக்குறைய 40 அமெரிக்க டாலர். உள்ளே இருந்தது நாலாயிரமா நாற்பதாயிரமா என்று யாரும் பார்ப்பதில்லை. ரெஜிஸ்டர் என்பது கைமாறும் இடமெல்லாம் பதிவாகும் வசதி. பொருளின் மதிப்பைக் காப்பது இன்சூரன்ஸ். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான் எனக்கு அதிகம் எழுதுகிறார்கள்.

கட்டும் முறை இது. நோட்டை பாலியெஸ்டர் உறையில் இடுங்கள். மலிவான பிவிசி உறை வேண்டாம், நாளாக ஆக அது கசியும், பொருளைக் கெடுக்கும். நோட்டைவிட ஒரு விரல் பெரிதாக இரண்டு கெட்டி அட்டை வெட்டி நடுவில் வையுங்கள். நெளி அட்டை என்றால் ஒன்றில் கோடு நெடுக்காகவும் இன்னொன்றில் குறுக்காகவும் போகட்டும், மடங்கவே மடங்காது. டேப் அட்டையின் ஓரத்தில் மட்டும் ஒட்டட்டும், உறையைத் தொடக்கூடாது. ஒட்டும்போது டேப்பின் நுனியைக் கொஞ்சம் உள்ளே மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அத்தை மகன் கத்தியை எடுப்பான், கத்தி அட்டையோடு நிற்காது. எல்லாவற்றையும் ஜிப் பையில் போட்டு மூடி, உள்ளே ஒரு துண்டுத்தாளில் இரண்டு முகவரியும் எழுதி வையுங்கள், வெளி லேபிள் கிழிந்தாலும் வழி கிடைக்கும். உறைமேல் நோட்டு, கலெக்‌ஷன் என்ற சொல்லே வேண்டாம். ஆனால் சுங்கத் தாளில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும், அங்கே மறைப்பது வேறு வகைத் தலைவலி.

இன்னொன்று, ரீயூனியன் விமானத்தில் முக்கால் மணி நேரம். காவடிக்கோ கல்யாணத்துக்கோ யாராவது போய் வந்துகொண்டுதான் இருப்பார்கள். ஒரே ஒரு நோட்டுக்கு இவ்வளவு பாடுபடுவதைவிட, நம்பிக்கையான ஆள் கையில் ஒரு புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்துவிடுவேன் நான்.

குவாத்ர் போர்ன் வாசகி: இங்கிலாந்தில் ஒரு விற்பனையாளரிடம் இணையம் வழியாக விக்டோரியா காலத்து மொரிஷியஸ் தபால்தலைகள் வாங்கினேன், சுமார் பதினோராயிரம் ரூபாய். இரண்டரை மாதம் ஆகிறது. டிராக்கிங் எண் கொடுத்தார், போட்டுப் பார்த்தால் 'அனுப்பப்பட்டது' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. தபால் நிலையத்தில் கேட்டால் அனுப்பியவரைக் கேள் என்கிறார்கள், அவரோ உங்கள் ஊர்த் தபாலைக் கேள் என்கிறார். நான் யாரைத்தான் கேட்பது?

பதில்: அம்மா, நீங்கள் எழுதிய எண்ணைப் பார்த்ததும் பாதி விஷயம் விளங்கிவிட்டது. சர்வதேசத் தபால் எண்ணில் முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டுக் குறி இரண்டு எழுத்து, மொத்தம் பதின்மூன்று. முதல் எழுத்துதான் வகையைச் சொல்லும். ஆர் என்றால் ரெஜிஸ்டர், சி என்றால் பார்சல், இ என்றால் இஎம்எஸ் என்ற விரைவுத் தபால், வி என்றால் இன்சூர் செய்த கடிதம். உங்கள் எண் 'யூ'வில் தொடங்குகிறது. அது சாதாத் தபால். சுங்கத் தகவலுக்காக ஒட்டிய பட்டைக் கோடு அது, வழியில் எங்கும் முறையாகப் பதிவாகாது, கையெழுத்தும் வாங்க மாட்டார்கள். பட்டைக் கோட்டைப் பார்த்ததும் டிராக்கிங் என்று நாம் நம்பிவிடுகிறோம், சில விற்பனையாளர்களும் அப்படியே நம்ப விடுகிறார்கள்.

யாரைக் கேட்பது என்றால், விற்றவரைத்தான். தபால் விதியில் விசாரணையை அனுப்பியவர் அவர் நாட்டுத் தபாலில் தொடங்குவதுதான் வழக்கம், நட்ட ஈடும் முதலில் அவருக்குத்தான் சேரும், அவர் எழுதிக் கொடுத்தால் பெறுபவருக்கு மாறும். பதிவு செய்த தபாலுக்கு, அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விசாரணை கேட்க வேண்டும். உங்கள் சாதாத் தபாலில் அதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆகவே தபாலை விடுங்கள், பணம் போன வழியைப் பிடியுங்கள். பேபாலில் கட்டியிருந்தால் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் 'பொருள் வரவில்லை' என்று புகார் திறக்கலாம். அப்போது சேர்ப்பித்ததற்கான ஆதாரம் காட்டவேண்டியது விற்றவர் பொறுப்பு. கார்டு என்றால் வங்கிக்கு உடனே எழுதுங்கள், அங்கே கெடு இன்னும் குறைவாக இருக்கலாம். 'இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்' என்று அவர் இனிக்க இனிக்கப் பேசுவார். அந்தப் பேச்சில் கெடு தாண்டிப்போய் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

அதற்கு முன் ஒரு நடை உங்கள் வட்டாரத் தபால் நிலையத்துக்குப் போய், சுங்கத்துக்காக நிறுத்தி வைத்த தபாலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அறிவிப்புச் சீட்டு மழையில் நனைந்து பக்கத்து வீட்டு வாசலில் கிடந்த கதைகள் உண்டு.

போர்ட் லூயிஸ் வாசகர்: வாட் வரியைக் குறைக்கலாம் என்று விற்பவர் சுங்கத் தாளில் விலையைக் குறைத்து எழுதவா என்று கேட்கிறார். சரி என்று சொல்லலாமா?

பதில்: கூடாது. 15 சதவீத வரியை மிச்சம் பிடிக்கப் போய், பொருள் தொலைந்தால் எழுதிய விலைக்கு மேல் ஒரு பைசா கிடைக்காது. சுங்கம் கண்டுபிடித்தால் அபராதம் தனி. 'அன்பளிப்பு' என்று எழுதச் சொல்வதும் இதே ரகம்தான்.

மஹேபூர் வாசகர்: நீங்கள் இத்தனை வருடமாகச் சேர்க்கிறீர்களே, உங்களுக்கு எதுவும் தொலைந்ததே இல்லையா?

பதில்: தொலையாமலா! ஒரு முறை வெளிநாட்டு நண்பருக்கு நாணயங்கள் அனுப்பினேன். இன்சூர் செய்தேன், ரசீதையும் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன், கெட்டிக்காரன் என்ற நினைப்பு. போய்ச் சேர்ந்த உறை ஓரம் கிழிந்திருந்தது, உள்ளே இரண்டு நாணயம் குறைவு. புகார் எழுத ரசீதை எடுத்தால் வெள்ளைத் தாள்! வெயிலில் பிடித்துப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், எண்ணின் வால் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ரசீதுத் தாள் சூட்டினால் எழுத்து விழும் வகை, நாளாக ஆகத் தானாகவே வெளுக்கும், மெல்லிய பிளாஸ்டிக் பட்டால் இன்னும் சீக்கிரம். அன்றிலிருந்து கவுண்டரை விட்டு நகரும் முன்பே போனில் படம் எடுத்துவிடுகிறேன், வீட்டில் நகலும் எடுக்கிறேன்.

அந்தக் கதையில் என் தப்பு இன்னும் இரண்டு உண்டு. நாணயங்களைத் தனித்தனியாக இறுக்கி வைக்காமல் ஒரே பையில் போட்டிருந்தேன், ஆட்டினால் கிலுகிலு என்று சத்தம். உள்ளே என்ன இருக்கிறது என்று அதுவே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது. இப்போது ஒவ்வொன்றையும் அட்டைச் சட்டத்தில் வைத்து, மூடும் முன் காதருகே ஆட்டிப் பார்க்கிறேன், சத்தம் வந்தால் பிரித்து மறுபடி கட்டுவேன். அடுத்தது எடை. கவுண்டரில் ரசீதில் விழும் கிராம் கணக்கு சும்மா விலை போட மட்டும் இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் எடை குறைந்தால் அதுதான் சாட்சி. நண்பர் எடை பார்க்காமல், கிழிசலைக் குறிப்பிடாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார், அத்தோடு வழக்கு முடிந்தது. உறை கிழிந்திருந்தால் வாங்கும்போதே சொல்லி, அலுவலர் முன்னால் எடை போட்டுப் பிரித்து, எழுதி வாங்க வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு சொன்னால் யார் கேட்பார்கள்?

கூரியரில் அனுப்பினால் தொல்லை இல்லை என்று நினைப்பவர்கள் நிபந்தனைத் தாளைப் படியுங்கள், பொடி எழுத்தில் நாணயம், நோட்டு, தபால்தலை விலக்கு என்று இருக்கிறதா என்று. பணத்தை வாங்கிக்கொண்டு எடுத்துப் போவார்கள், தொலைந்தால் அந்த வரியைக் காட்டுவார்கள்.

மழைக்காலத்தைப் பற்றியும் ஒன்று. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அவசரமில்லாத எதையும் நான் அனுப்புவதில்லை. புயல் எச்சரிக்கை மூன்றாம் எண் ஏறினால் எல்லாமே நின்றுவிடும், பார்சல் எங்கே ஈரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருவில் கார் மிதந்ததைப் பார்த்தோமே. பின்பக்கப் பசை கலையாத தபால்தலைக்கு அந்த ஈரம் எமன், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிக்க வழியே இல்லை.

திரியோலே, பள்ளி மாணவர்: 1847இல் நம் நாட்டில் வந்த முதல் தபால்தலைகள் சாதாக் கடிதத்தில்தானே போயின? அவை மட்டும் எப்படித் தொலையாமல் தப்பின?

பதில்: நல்லாக் கேட்டாய் தம்பி. ஒரு பென்னியில் 500, இரண்டு பென்னியில் 500 என்று ஆயிரம் அச்சடித்தார்கள், இன்று இருப்பது தெரிந்தவரை 27தான். மிச்சமெல்லாம் குப்பையிலோ அடுப்பிலோ போயிருக்கும். தப்பியதும் அதிர்ஷ்டம்தான். ஒரு கடிதம் 1847 அக்டோபரில் இங்கிருந்து கப்பலேறி பிரான்சில் போர்தோ நகரத்து ஒயின் வியாபாரிக்குப் போய்ச் சேர்ந்தது, இரண்டு வகையும் அதன் உறையில் ஒட்டியிருந்தன. 1993இல் சூரிச்சில் அதை ஏலம் விட்டபோது பல மில்லியன் சுவிஸ் பிராங்குக்குப் போனது. போர்ட் லூயிஸ் கோடான் கரையில் புளூ பென்னி அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே இரண்டு அசலைப் பார்க்கலாம். ஒளி பட்டு நிறம் மங்காமல் இருக்க மணிக்குக் கொஞ்ச நேரம்தான் அசலுக்கு விளக்குப் போடுவார்கள், மற்ற நேரம் நகல்தான். வாசலில் அந்த நேரத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே போ.