பி.காம். கடைசி செமஸ்டர்: அடுத்து சி.ஏ.வா, வங்கித் தேர்வா, சென்னை வேலையா?

கேள்வி: கரூரில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். இதுவரை 68 சதவீதம், அரியர் எதுவும் இல்லை. அப்பா டெக்ஸ்டைல் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறார். தம்பி பிளஸ் ஒன். கேம்பஸ் இன்டர்வியூவில் சென்னை நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு 2.6 லட்சம் என்று வேலை தந்திருக்கிறது. மாமா வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறார். எங்கள் மேடம் எம்.பி.ஏ. சேரச் சொல்கிறார். கோச்சிங் சென்டரில் விசாரித்தால் அமெரிக்க சி.எம்.ஏ. என்கிறார்கள். எனக்கு சி.ஏ. ஆசை இருக்கிறது, பயமும் இருக்கிறது. வேலைக்குப் போனாலும் தபால் வழியில் எம்.காம். படித்து வைப்பது நல்லதா?

பதில்: உங்கள் கடிதத்தில் எல்லா வழிகளும் இருக்கின்றன. ஒரே ஒரு தகவல்தான் இல்லை. உங்கள் சம்பளம் இல்லாமல் வீடு எத்தனை மாதம் ஓடும்? எந்தப் படிப்புக்கு மதிப்பு அதிகம் என்று பார்ப்பதற்கு முன், அப்பா அம்மாவோடு உட்கார்ந்து இதைக் கணக்குப் போடுங்கள். தம்பி அடுத்த ஆண்டு பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேருவான், அந்தச் செலவையும் சேர்த்து. பத்து மாதம் தாங்கும் என்றால் ஒரு பதில், மூன்று மாதம்கூடத் தாங்காது என்றால் வேறு பதில். நான் ஆடிட்டராக இருந்து பார்த்தவரை, பி.காம்., பி.பி.ஏ. முடித்தவர்கள் திணறுவது பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாததால்தான். படிப்பு வராததால் திணறுபவர்கள் குறைவு.

ஆசை இருக்கிறது என்கிறீர்கள், அதனால் சி.ஏ.வில் தொடங்குகிறேன். வணிகவியல் பட்டதாரி 55 சதவீதம் எடுத்திருந்தால் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேராக இரண்டாவது கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம். மற்ற துறை என்றால் 60 சதவீதம் வேண்டும். உங்கள் 68 தாராளம். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருக்கும்போதே தற்காலிகமாகப் பதிவு செய்துகொள்ளலாம், டிகிரி முடித்த சான்றைப் பிறகு கொடுத்தால் போதும். பதிவு செய்து எட்டு மாதம் ஆன பிறகுதான் தேர்வு எழுத முடியும் என்பதால், அந்த எட்டு மாதம் எவ்வளவு சீக்கிரம் ஓடத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. ரிசல்ட் வரட்டும், மார்க் ஷீட் வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு தேர்வே கைநழுவிப் போகும். இன்டர் தேர்வு ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. ஏப்ரலுக்குள் பதிவு செய்தால் அடுத்த ஜனவரியில் எழுதலாம்.

2023 ஜூலையில் வந்த புதிய பாடத்திட்டத்தில் இன்டருக்கு இரண்டு குரூப், மொத்தம் ஆறு தாள். ஒவ்வொரு தாளிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். மூன்று தாளிலும் 45, 46 வாங்கிவிட்டு மொத்தத்தில் தவறிவிடுவார்கள். இரண்டு குரூப்பும் தேறிய பிறகு இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஒரு ஆடிட்டரிடம் பயிற்சி. முன்பு மூன்று ஆண்டாக இருந்ததைக் குறைத்துவிட்டார்கள். அது முடிந்து ஆறு மாதம் கழித்து ஃபைனல். எதிலும் தவறாமல் போனால் ஏறத்தாழ மூன்றரை ஆண்டு. நடைமுறையில் நாலரை, ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ட்டிகிள்ஷிப் காலத்தில் வேறு வேலைக்குப் போக முடியாது. ஸ்டைபண்ட் என்று ஒரு பயிற்சித் தொகை வரும், ஆனால் அது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும், வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது. உங்கள் பயம் பாடத்தைப் பற்றியது என்று நினைக்கிறேன். நான் இந்த ஸ்டைபண்ட் காலத்தைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கச் சொல்வேன்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரியாமல் முடிவெடுக்க வேண்டாம். தேர்வு முடிந்ததும் கரூரிலேயே ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஒரு மாதம் போய் உட்காருங்கள், சம்பளம் பேசாமல் போனாலும் பரவாயில்லை. மாதம் எப்படி ஓடுகிறது என்று தெரியும். 7-ஆம் தேதி டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போது பிடித்த வருமான வரியைக் கட்ட வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-க்குள் விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1. 14-ஆம் தேதி 2பி வரும். நம் கட்சிக்காரர் வாங்கிய சரக்குக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல் அது. அதற்கும் நம் கொள்முதல் ரெஜிஸ்டருக்கும் ஒத்துப்போகிறதா என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். நூல் கடைக்காரர் ஒருவர் ஜி.எஸ்.டி. எண்ணில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டிருப்பார். பில் இருக்கும், சரக்கு வந்திருக்கும், பணமும் போயிருக்கும், ஆனால் 2பி-யில் இருக்காது. வாங்கும்போது கட்டிய வரியை (இன்புட் டாக்ஸ்) கழித்துக்கொள்ள முடியாது. அவருக்கு ஃபோன் போட்டு, அடுத்த மாத ரிட்டர்னில் திருத்தம் போட வைக்க வேண்டும். 20-ஆம் தேதி 3பி, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் மாத ரிட்டர்ன். அதற்குள் இப்படி முப்பது, நாற்பது விவகாரங்கள். அதில் உங்களுக்கு ஒரு சுவாரசியம் தட்டுகிறதா, எரிச்சல் வருகிறதா என்று பாருங்கள். சுவாரசியம் என்றால் தயங்காமல் சி.ஏ.வில் இறங்குங்கள்.

அப்படி இறங்கினாலும் ஓர் எல்லை வைத்துக்கொள்ள வேண்டும். முழுநேரமாகப் படித்து இரண்டு முறை எழுதுங்கள். அதற்குள் ஒரு குரூப்பாவது வரவில்லை என்றால் வேலைக்குப் போய்க்கொண்டே தொடருங்கள், வீட்டில் உட்கார்ந்து தொடராதீர்கள். இரண்டு குரூப்பும் தேறி ஆர்ட்டிகிள்ஷிப்பும் முடித்துவிட்டால், ஃபைனல் தள்ளிப்போனாலும் கரூர், திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் 'சி.ஏ. இன்டர்' என்றே ஆள் கேட்கிறார்கள். பாதியில் நின்றாலும் வீணாகாத படிப்பு என்பதால்தான் இதை முதலில் வைத்தேன். செலவும் எம்.பி.ஏ.வோடு பார்த்தால் சிறு தொகைதான். செலவுக் கணக்குப் படிப்பான இந்திய சி.எம்.ஏ.விலும் பட்டதாரிகள் நேராக இன்டரில் சேரலாம். மில், பேப்பர், சிமென்ட் போன்ற உற்பத்தித் தொழிற்சாலைகளில் காஸ்டிங் (உற்பத்திச் செலவுக் கணக்கு) பக்கம் போக விரும்பினால் அது பொருத்தம். புகளூர் பேப்பர் மில் உங்கள் ஊர்ப் பக்கம்தானே.

கோச்சிங் சென்டர் சொல்லும் அமெரிக்க சி.எம்.ஏ. வேறு. அதில் இரண்டே தாள், சீக்கிரம் முடியும், சென்னை, பெங்களூரில் பன்னாட்டு நிறுவனங்களின் நிதிப் பிரிவுகளில் மதிப்பும் உண்டு. பிரிட்டிஷ் கணக்கியல் படிப்பான ஏ.சி.சி.ஏ. என்றால் 13 தாள், பி.காம். படித்தவர்களுக்குச் சில தாள்களில் விலக்கு கிடைக்கும். இரண்டிலும் இந்தியக் கம்பெனியின் தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை வராது. கட்டணம் எல்லாம் சேர்த்து லட்சங்களில் போகும். இதை உங்கள் வீட்டுக் காசில் இப்போது செய்ய வேண்டாம். வேலையில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு, அந்தத் துறையில் மேலே போக இது தேவை என்று தெரிந்தால் உங்கள் சம்பளத்தில் சேருங்கள். பணம் திருப்பித் தரும் நிறுவனங்களும் இருக்கின்றன.

எம்.பி.ஏ.வுக்கும் கிட்டத்தட்ட இதே பதில்தான். மேடத்தின் அக்கறை புரிகிறது, ஆனாலும் வேலை அனுபவமே இல்லாமல், கடன் வாங்கி, வளாக நேர்காணலுக்கு யார் வருகிறார்கள் என்று தெரியாத கல்லூரியில் எம்.பி.ஏ. சேர்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு ஆண்டு கழித்து அதே சென்னை நிறுவனத்தின் அதே நாற்காலிக்குப் போட்டி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட் எழுதி நல்ல ஐ.ஐ.எம். கிடைத்தால் அது வேறு கதை. டான்செட் எழுதி, கவுன்சலிங்கில் அரசுக் கல்லூரியோ பல்கலைக்கழகத் துறையோ கிடைத்தாலும் யோசிக்கலாம். தனியார் கல்லூரி என்றால் போன ஆண்டு எத்தனை பேருக்கு, எந்த நிறுவனத்தில், என்ன வேலை என்று பட்டியல் கேளுங்கள். 'அதிகபட்சச் சம்பளம்' என்று போஸ்டரில் போட்டிருப்பது ஒரே ஒரு மாணவரின் சம்பளம்.

சரி, வீடு காத்திருக்க முடியாது என்றால்? சென்னை ஆஃபரை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நான்கு விஷயங்களைக் கேட்டுவிட்டு. 2.6 லட்சம் என்பது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அவர்கள் பங்கு பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள் வந்துவிடும். கைக்கு வருவது பெரும்பாலும் 18,000-ஐ ஒட்டி இருக்கும். ஹாஸ்டல் போக என்ன மிஞ்சும் என்று பாருங்கள். இத்தனை காலம் வேலையை விடக்கூடாது என்ற பாண்ட் உண்டா, சான்றிதழின் அசலை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். அசல் கேட்டால் அந்த வேலையே வேண்டாம். இரவு ஷிஃப்ட் என்றால் கேப் வருமா? நான்காவதுதான் முக்கியம்: எந்த ப்ராசஸ், அதாவது எந்த வகை வேலை?

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சென்னையில் வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்கு வேலை நடக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. உலக வங்கியே தன் கணக்கு, சம்பளப் பட்டியல் வேலைகளை 2001 முதல் இங்கே செய்கிறது. பி.காம். முடித்தவர்களை அதிகம் எடுப்பது இந்த வகை அலுவலகங்கள்தான். உள்ளே போனால் எல்லா வேலையும் ஒன்று கிடையாது. அக்கவுண்ட்ஸ் பேயபிளில் போட்டால் பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த ரசீது, இன்வாய்ஸ் மூன்றையும் பொருத்திப் பார்த்துப் பணம் கொடுக்க அனுமதிப்பீர்கள். ஃபண்ட் அக்கவுண்டிங் என்றால் ஒரு மியூச்சுவல் ஃபண்டின் அன்றைய என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பைக் கணக்குப் போடுவீர்கள். ரெகன்சிலியேஷன், ஜெனரல் லெட்ஜர் கிடைத்தால் இன்னும் நல்லது. இவற்றில் டெபிட், கிரெடிட் கண்ணில் படும், இரண்டு ஆண்டில் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்.ஏ.பி. மென்பொருள் கைவரும். வெறும் வாய்ஸ் ப்ராசஸிலோ டேட்டா என்ட்ரியிலோ போட்டால் இரண்டு ஆண்டு கழித்தும் பயோடேட்டாவில் எழுத ஒன்றும் இருக்காது. எச்.ஆரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஊரிலேயே ஒரு வழி இருப்பதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. கரூரில் பெட்ஷீட், டேபிள் லினன் ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களில் டாக்குமென்டேஷன் பிரிவு என்று ஒன்று உண்டு, அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங் இவற்றைத் தயார் செய்து, லெட்டர் ஆஃப் கிரெடிட்டில் (வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) எழுதியிருப்பதோடு ஒரு எழுத்துகூட மாறாமல் வங்கியில் கொடுக்க வேண்டும். பெட்டி எண்ணிக்கை ஓரிடத்தில் 240, இன்னோரிடத்தில் 204 என்று இருந்தால் வங்கி திருப்பிவிடும், பணம் நிற்கும். தொடக்கச் சம்பளம் சென்னையைவிடக் குறைவாக இருக்கலாம். வாடகை, ஹாஸ்டல் இல்லை என்பதால் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய சமமாகவே வரும். வேலை தெரிந்தவர்களை முதலாளிகள் எளிதில் விடவும் மாட்டார்கள். அப்புறம், வணிகவியல் பட்டதாரி ஜி.எஸ்.டி. ப்ராக்டிஷனராகப் பதிவு செய்து, மத்திய அரசின் பயிற்சி நிறுவனமான நாசின் நடத்தும் தேர்வில் தேறி, கடைக்காரர்களுக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்து தரலாம். இதை முதல் நாளே தொடங்க வேண்டாம். ஒரு ஆபீஸில் இரண்டு ஆண்டு கை பழகிய பிறகு தொடங்குங்கள்.

மாமா சொல்வதும் தப்பில்லை. ஐ.பி.பி.எஸ். கிளார்க் தேர்வுக்கு வயது 20 முதல் 28 வரை, அதிகாரி பணியான பி.ஓ.வுக்கு 30 வரை, ஓ.பி.சி. என்றால் இன்னும் மூன்று ஆண்டு தளர்வு. உங்கள் வயதுக்கு அவசரமே இல்லை. இதில் பி.காம். படித்ததால் தனி லாபம் பெரிதாகக் கிடையாது. கணக்கு, ரீசனிங், ஆங்கிலம் மூன்றிலும் வேகம் வேண்டும், இன்ஜினீயர்களும் எழுதுகிறார்கள். வேலையில் இருந்துகொண்டே காலையில் இரண்டு மணி நேரம் படித்து எழுதக்கூடிய தேர்வு இது. 'பேங்குக்குப் படிக்கிறேன்' என்று நான்கைந்து ஆண்டு வீட்டிலேயே இருந்துவிட்டு, அப்புறம் கணக்கு வேலை தேடினால், டாலி கணக்கு மென்பொருளில் ஒரு ஜர்னல் என்ட்ரி போடவே கை நடுங்கும். கரூர் வைஸ்யா வங்கியின் தலைமையகம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. அது போன்ற தனியார் வங்கிகள் தனியாக ஆள் எடுப்பதால் அவர்களுடைய அறிவிப்புகளையும் பார்த்துக்கொண்டிருங்கள். மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வு எழுதினால் வருமான வரி, ஜி.எஸ்.டி. இன்ஸ்பெக்டர் பதவிகளும் உண்டு. டி.என்.பி.எஸ்.சி.க்குப் பாடத்திட்டம் முற்றிலும் வேறு, இரண்டையும் சேர்த்துப் படிக்காதீர்கள்.

தேர்வு எழுதுகிறீர்களோ இல்லையோ, சான்றிதழ்களை இப்போதே தயார் செய்யுங்கள். பி.சி., எம்.பி.சி. என்று நம்மிடம் இருக்கும் சாதிச் சான்றிதழ் மத்திய அரசு, வங்கித் தேர்வுகளுக்குப் போதாது. ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் சான்றிதழ் தனியாக இ-சேவையில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்தவர் என்றால், டி.என்.பி.எஸ்.சி.க்கு அதற்கான சான்றும் வேண்டும், அதில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பள்ளித் தலைமையாசிரியர் மாறிப்போவதற்குள் வாங்கிவிடுங்கள்.

கடைசியாக எம்.காம். கல்லூரியிலோ மேல்நிலைப் பள்ளியிலோ பாடம் நடத்தும் எண்ணம் இருந்தால் தபால் வழியில் படிப்பது பயன்படும். கல்லூரிக்கு நெட் அல்லது செட் தகுதித் தேர்வு, பள்ளியில் முதுகலை ஆசிரியர் பணிக்கு பி.எட். சேர்த்து வேண்டும். அந்த எண்ணம் இல்லை என்றால், 'சும்மா இருக்கட்டும்' என்று ஒரு டிகிரி சேர்ப்பதில் கம்பெனி வேலைக்குப் பெரிய மாற்றம் வராது, அந்த நேரத்தில் எக்ஸெல் நன்றாகப் பழகலாம். சேர்வதானால் இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் யு.ஜி.சி. அங்கீகாரம் அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். சி.ஏ. பக்கம் போய் ஆர்ட்டிகிள்ஷிப்பும் நடக்கிறது என்றால், கூடவே எம்.காம். படிக்க சி.ஏ. இன்ஸ்டிடியூட்டிடம் படிவம் 112 கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள், அவருடைய கையெழுத்து இல்லாமல் அது நகராது.