டைம் டிராவல் நாவல்களை ஒரு வருடத் திட்டமாக எந்த வரிசையில் படிக்கலாம்?

வெளியான ஆண்டுப்படி வரிசை போடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டு நூல்கள் பலவற்றில் காலப்பயணம் வெறும் சாக்குதான். எட்வர்ட் பெல்லமியின் ‘லுக்கிங் பேக்வர்ட்’ (1888) நாயகன் தூங்கி 2000-ல் விழிக்கிறான். பிறகு பக்கம் பக்கமாகச் சமூக, பொருளாதார விளக்கம். இரண்டாம் மாதமே சலித்துவிடும்.

‘நடந்து முடிந்ததை மாற்ற முடியுமா?’ இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நூலும் தரும் பதிலை வைத்து வரிசைப்படுத்துங்கள். மாதம் ஒரு நாவல் போதும்.

எச்.ஜி. வெல்ஸின் ‘தி டைம் மெஷின்’ (1895) மட்டும் விதிவிலக்கு, அதிலிருந்தே தொடங்கலாம். சிறிய நூல். பயணி 8,02,701ஆம் ஆண்டுக்குப் போகிறான். கடந்த காலத்தில் கை வைக்காததால், நடந்ததை மாற்றினால் வரும் முரண்பாட்டுச் சிக்கலே எழாது. அடுத்து, ஒரே நாளில் இரண்டு சிறுகதைகள்: ஹைன்லைனின் ‘பை ஹிஸ் பூட்ஸ்ட்ராப்ஸ்’ (1941), பிராட்பரியின் ‘எ சவுண்ட் ஆஃப் தண்டர்’ (1952). முதலாவதில் எதையும் மாற்ற முடியாது, மாற்ற எடுக்கும் முயற்சியும் நடந்ததன் பகுதியாகிவிடும். இரண்டாவதில் சின்னத் தவறுகூட எதிர்காலத்தைப் புரட்டிவிடும். பின்னால் படிக்கப்போகும் பெரும்பாலான நாவல்களை இந்த இரு முனைகளுக்கு நடுவே எங்காவது வைத்துவிடலாம்.

அசிமோவின் ‘தி எண்ட் ஆஃப் எடர்னிட்டி’யில் (1955) வரலாற்றைத் திருத்துவதற்கென்றே ஒரு நிர்வாகம் இருக்கிறது. அதற்கு நேர் எதிர், கானி வில்லிஸின் ‘டூம்ஸ்டே புக்’ (1992): முரண்பாடு வரும் இடத்தில் காலமே பயணியை உள்ளே விடாது, அல்லது நேரத்தையும் இடத்தையும் சற்றுத் தள்ளி இறக்கிவிடும். இதைப் பாதியில் விடுபவர்கள் அதிகம். தொலைபேசியில் ஆளைப் பிடிக்க முடியாமல் அலைவதே முதல் பகுதியில் நிறைய வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், 14ஆம் நூற்றாண்டுக் கிராமத்தின் கதை இறுகிய பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. அவரே எழுதிய ‘பிளாக்அவுட்’, ‘ஆல் கிளியர்’ (2010) இரண்டும் சேர்ந்துதான் ஒரு நாவல். ஒன்றை மட்டும் வாங்கினால் கதை பாதியில் நின்றுவிடும்.

ஆக்டேவியா பட்லரின் ‘கிண்ட்ரட்’டை (1979) தவறவிடவே கூடாது. இயந்திரமும் இல்லை, விளக்கமும் இல்லை. 1976-ல் கலிபோர்னியாவில் வாழும் கறுப்பினப் பெண் டேனா, அடிமை முறை நிலவிய மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். தன் மூதாதையான வெள்ளையனின் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் போகிறாள், தன் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சும்போது திரும்புகிறாள். மனதை மிகவும் அழுத்தும் நூல். அடுத்த மாதத்துக்கு வில்லிஸின் நகைச்சுவை நாவல் ‘டு சே நத்திங் ஆஃப் த டாக்’ (1997) பொருத்தம்.

ஒரு நோட்டு அவசியம். பக்கத்தில் இரண்டு கோடுகள் இழுங்கள்: மேலே நாட்காட்டி வரிசை, கீழே பாத்திரம் வாழ்ந்த வரிசை. ‘தி டைம் டிராவலர்ஸ் வைஃப்’ (2003) நாவலுக்கு இது இல்லாமல் முடியாது. ஹென்றி காலப்பயணி, கிளேர் அவன் மனைவி. கிளேர் முதலில் ஹென்றியைப் பார்க்கும்போது அவளுக்கு 6 வயது, அவனுக்கு 36. ஹென்றி முதலில் அவளைப் பார்க்கும்போது அவனுக்கு 28, அவளுக்கு 20. ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் தேதியும் வயதும் இருக்கும். வேகமாகப் படிப்பவர்கள் அதைத் தாண்டிப் போய்த்தான் குழம்புகிறார்கள். கிண்டிலில் பின்னால் புரட்டுவது தொல்லை, ஆகவே இதை அச்சில் வாங்குங்கள்.

‘ரீப்ளே’ (1986), ‘தி ஃபர்ஸ்ட் ஃபிஃப்டீன் லைவ்ஸ் ஆஃப் ஹாரி ஆகஸ்ட்’ (2014) இரண்டிலும் ஒருவன் தன் வாழ்க்கையையே மறுபடி மறுபடி வாழ்கிறான். அடுத்தடுத்துப் படித்தால் இரண்டாவது மங்கிவிடும், நான்கு மாத இடைவெளி விடுங்கள்.

ஸ்டீபன் கிங்கின் ‘11/22/63’ (2011) கடைசியில் இருக்கட்டும். அமெரிக்க அதிபர் கென்னடியின் கொலையைத் தடுக்கக் கடந்த காலத்துக்குப் போகும் ஒருவனின் கதை. அங்கே போகும் வாசல் எப்போதும் 1958 செப்டம்பரில்தான் திறக்கும். கென்னடி சுடப்பட்டது 1963 நவம்பரில். நாயகன் ஐந்து வருடம் அங்கே வாழ்ந்தே ஆகவேண்டும், நாவல் நீளமானதற்கு அதுவே காரணம். கொலைத் துப்பறியும் கதையை எதிர்பார்ப்பவர்கள் நடுவில் வரும் டெக்சாஸ் ஊர்வாழ்க்கையில் பொறுமை இழக்கிறார்கள். புத்தகத்தின் உயிரே அந்தப் பகுதிதான்.

மறுபதிப்புகளின் முன்னுரைகளைக் கடைசியில் படியுங்கள். பல முன்னுரைகள் முடிவைச் சொல்லிவிடும்.