மாடிக்குத் தனி மீட்டர்: லாபம் யாருக்கு?

கேள்வி: மதுரை திருப்பாலையில் சொந்த வீடு. கீழே நானும் மனைவியும், மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஈ.பி. மீட்டர். மாடிக்கு சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறேன். 2025 செப்டம்பரில் 760 யூனிட்டுக்கு 4,392 ரூபாய் பில் வந்தது. அதில் மாடி 340 யூனிட். லண்டனில் இருக்கும் மகன், கம்பெனிகளின் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்த்து மலிவானதற்கு மாறுங்கள் என்கிறான். இங்கே ஒருவர் 18,000 ரூபாய் கொடுத்தால் வேறு பிளானுக்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறார். சோலாரும் போடச் சொல்கிறார். எது லாபம்?

பதில்: உங்கள் மகன் இருக்கும் ஊரில் அது நடக்கும். அங்கே வீட்டுக்காரர் பத்து கம்பெனியின் விலையைப் பார்த்து, பிடித்த கம்பெனிக்கு மாறலாம். நம் ஊரில் வீட்டுக்கு மின்சாரம் தருவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் ஒன்றுதான். விலையை முடிவு செய்வது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். திருப்பாலைக்கு ஒரு விலை, திருநெல்வேலிக்கு ஒரு விலை என்பதும் கிடையாது. வெளியாரிடம் மின்சாரம் வாங்கும் வசதி பெரிய ஆலைகளுக்கு உண்டு, வீட்டுக்கு இல்லை. ஆக, வீட்டு இணைப்பில் ‘பிளான் மாற்றித் தருகிறேன்’ என்று யார் சொன்னாலும் அவர் பொய் சொல்கிறார். அந்த 18,000 ரூபாயை வங்கியிலேயே இருக்க விடுங்கள்.

நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது படிக்கட்டு விலையை, அதாவது யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுவதை. 2024 ஜூலையில் வீடுகளுக்கு வந்த அட்டவணை இது; உங்கள் 2025 செப்டம்பர் பில்லும் இதன்படிதான். 2025 ஜூலையில் வந்த உயர்வை வீடுகளுக்கு அரசே தன் செலவில் ஏற்றுக்கொண்டது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டினால் அந்த 2.35 சலுகை பறிபோகும்; 101லிருந்தே 4.70 ஆகிவிடும். 500க்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, அப்புறம் 10.50, ஆயிரத்தைத் தாண்டினால் 11.55. சரியாக 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்!

இப்போது உங்கள் கணக்கு. இரண்டு மீட்டராகப் பிரித்தால் கீழ்வீட்டின் 420 யூனிட்டுக்கு 1,301 ரூபாய், மாடியின் 340 யூனிட்டுக்கு 893 ரூபாய். சேர்த்து 2,194. இன்று கட்டுவதில் பாதி. உடனே சந்தோஷப்பட வேண்டாம். மாடியிலிருந்து 9 ரூபாய் வீதம் 3,060 வாங்கிவிடுகிறீர்கள். அது போக உங்கள் கையிலிருந்து போவது 1,332 ரூபாய். தனி மீட்டர் வந்தால் நீங்கள் கட்டப்போவது 1,301. உங்களுக்கு மிச்சம் 31 ரூபாய். மாடியில் இருப்பவருக்கு 2,167 ரூபாய். வருஷத்துக்கு உங்கள் லாபம் 186 ரூபாய் என்றால், பிளான் மாற்றுவதாகச் சொன்ன அந்த ஏஜென்டுக்குக் கொடுக்கும் 18,000 திரும்பி வரக் கிட்டத்தட்ட 97 வருஷம் ஆகும்.

அப்படியானால் பிரிக்க வேண்டாமா? பிரியுங்கள். உங்கள் ஒரே பில்லின் மேல்படி விலையை இத்தனை நாள் கட்டி வந்தவர் மாடிவீட்டுக்காரர். அவருக்குச் சேர வேண்டிய இலவச 100 யூனிட்டும் அவருக்குப் போகவில்லை. மதுரையில் பல வாடகை வீடுகளில் இதுதான் நடக்கிறது, யாரும் கேட்பதில்லை. வாடகையைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு மீட்டரைப் பிரிக்கிறேன் என்று அவரிடம் வெளிப்படையாகச் சொன்னால் இருவருக்கும் மிஞ்சும்.

இணைப்புக்கு இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். சொத்து உரிமை ஆவணம், ஆதார் போதும். கீழ் ஒன்று மேல் ஒன்று இருக்கும் வீட்டுக்குக் கட்டட நிறைவுச் சான்று வேண்டாம். தொகை திரையிலேயே வரும், அங்கேயே கட்டுங்கள், ரசீது எடுங்கள். கைப்பேசி எண் கேட்கும் இடத்தில் உங்கள் எண்ணையே போடுங்கள். ஏஜென்ட் செய்யும் முதல் காரியம் தன் எண்ணைப் போடுவதுதான். அப்புறம் விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது, ‘மேலே கேட்கிறார்கள்’ என்று ஒவ்வொரு வாரமும் ஒரு தொகை கேட்பார். ‘ஒரே ஆதாரில் இரண்டு இணைப்பு வாங்க முடியாது, மனைவி பேருக்கு மாற்றணும்’ என்று சொல்லித் தனியாக ஒரு கட்டணம் வாங்குவதும் உண்டு. ஒரே ஆதாரோடு எத்தனை இணைப்பை வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று 2022இல் அரசே சொல்லிவிட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். இரண்டாவது மீட்டர் கிடைக்க, இரண்டு வீடும் கட்டடத்திலும் வயரிங்கிலும் நிரந்தரமாகப் பிரிந்திருக்க வேண்டும். வெளிப்படிக்கட்டு, தனி வாசல், தனிச் சமையலறை இருந்தால் பிரச்சினை இல்லை. வீட்டுக்குள்ளேயே படிக்கட்டு என்றால்தான் சிக்கல். கீழ் ஹாலிலிருந்து மேலே ஏறும் படியின் தலைப்பில் ஒரு பிளைவுட் கதவைப் போட்டுப் பூட்டிவிட்டு, ‘பிரித்தாச்சு சார்’ என்று போட்டோ எடுத்துக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். கதவு பிரிவினை ஆகாது; சுவர் வேண்டும். மாடியில் மகன் குடும்பம் இருந்து, சமையல் கீழே ஒன்றாக நடந்தால், அது ஒரே வீடுதான். இலவச 100 யூனிட்டை இரண்டு தடவை வாங்குவதற்காக மீட்டர் வைத்தது பின்னால் ஆய்வில் தெரிந்தால் பிடுங்கி ஒன்றாக்கிவிடுவார்கள், கொடுத்த பணம் கொடுத்ததுதான். அதே மகன் தனிச் சமையல், தனி வாசல் என்று இருந்தால் தாராளமாகத் தனி மீட்டர் வாங்கலாம், உறவுமுறை தடை இல்லை. உங்கள் கடிதத்தில் படிக்கட்டு எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

வயரிங்கை நம்பிக்கையான எலக்ட்ரீஷியனிடம் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மாடிக்குப் போகும் ஃபேஸ் கம்பியை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலைப் பொதுவாக விட்டுவிடுவது வழக்கமான சோம்பேறித்தனம். புதிய இணைப்புக்கு மின்கசிவு தடுக்கும் ஆர்.சி.டி. கட்டாயம், நியூட்ரல் பொதுவாக இருந்தால் அது ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கும். நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கீழ்வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, உங்கள் மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். மாடியின் மெயினையும் அணைத்த பிறகும் அது மினுக்கினால், உங்கள் மீட்டரிலிருந்து எங்கேயோ ஒரு கம்பி போகிறது என்று அர்த்தம். ஓடிக்கொண்டிருக்கும் போர் மோட்டாராக இருக்கலாம். மோட்டார் உங்கள் மீட்டரிலேயே இருக்கட்டும். அதற்கு மூன்றாவதாகப் பொது மீட்டர் வைக்கச் சொல்வார்கள்; அதில் இலவச யூனிட் கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே காசு.

பிரித்த பிறகு உங்களுக்கு ஒரே கவலை அந்த 500தான். சித்திரைத் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வந்து நாலு நாள் இரவு பகலாக ஏசி ஓடினால் 420 எளிதாக 510 ஆகிவிடும். மீட்டர் திரையில் மாறி மாறி எண்கள் வரும், ‘கே.டபிள்யூ.எச்.’ என்று பக்கத்தில் உள்ள எண்தான் யூனிட். கடைசி ரீடிங்கிலிருந்து ஐம்பதாவது நாள் அந்த எண்ணிலிருந்து பழைய ரீடிங்கைக் கழித்துப் பாருங்கள், 415ஐத் தாண்டியிருந்தால் அடுத்த பத்து நாள் ஏசியைக் குறைக்கலாம். ரீடிங் எடுக்க வருபவர் அறுபதாம் நாள் வராமல் அறுபத்தெட்டாம் நாள் வந்தால்? எட்டு நாள் யூனிட்டும் உங்கள் தலையில்தான். மாதாமாதம் ரீடிங் என்று 2021 தேர்தலில் வாக்குறுதி வந்தது. 2025இலும் என் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வந்தார்கள். ஆளில்லை என்பார்கள். ஆளில்லாததற்கு நுகர்வோர் ஏன் மேல்படி விலை கட்ட வேண்டும் என்பதற்குப் பதில் வராது. தேதி தாண்டினால் மின்சாரப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987இல் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோலார் இப்போது வேண்டாம். 3 கிலோவாட்டுக்கு ஒன்றிய அரசின் மானியம் 78,000 ரூபாய். அது போகவும் லட்சத்துக்கு மேல் கைக்காசு போடணும். மீட்டரைப் பிரித்த பின் உங்கள் பில்லே வருஷத்துக்கு 7,800 ரூபாய்தான். முழுசாக பூஜ்யம் ஆனாலும் போட்ட காசு எடுக்கப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். ஒரே குடும்பம் 800, 900 யூனிட் எரிக்கும் வீடு என்றால் என் பதில் வேறு. போடுவதென்று முடிவு செய்தாலும், மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அதுவும் வேலை முடிந்து மீட்டர் மாட்டிய பிறகு. ‘மானியத்தை நாங்களே கழித்துக்கொள்கிறோம், முன்பணம் முழுசாகக் கொடுங்கள்’ என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.