பீட்டுக்கு ரசீது எங்கே? கேமரா அப்புறம்

கேள்வி: சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறோம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு தமிழ் ராப் எழுதி, கல்லூரி விழாவில் பாடினோம். நல்ல வரவேற்பு. அதை வீடியோவாக எடுத்து யூடியூபில் போட ஆசை. பீட், அதாவது குரலுக்குப் பின்னால் ஓடும் இசை, யூடியூபில் 'ஃப்ரீ' என்று இருந்ததை டவுன்லோட் செய்தது. கையில் 18,000 ரூபாய் இருக்கிறது. ஒருவர் கேமரா, ட்ரோன், எடிட்டிங், லொகேஷன் ஃபீஸ், காப்பிரைட், சென்சார், அவருடைய சேனலில் ரிலீஸ், ஒரு லட்சம் வியூஸ் எல்லாம் சேர்த்து 35,000 கேட்கிறார். இப்போது பாதி கொடுத்தால் போதுமாம். கண்ணகி நகர் சுவர் ஓவியங்கள், பறக்கும் ரயில், பெசன்ட் நகர் பீச் மூன்றிலும் எடுக்க நினைக்கிறோம். மாணவர்களுக்குக் காப்பிரைட் பிரச்சினையே வராது என்று எங்கள் ஹெச்.ஓ.டி. சொல்கிறார். இந்தப் பேக்கேஜை எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். 18,000 ரூபாயில் நீங்களே எடுத்துவிடலாம். அந்தப் பட்டியலில் பாதி, காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லாத சரக்கு. மீதிப் பாதியில் உங்கள் பாட்டே கையை விட்டுப் போகிற வழி இருக்கிறது.

முதலில் 'காப்பிரைட் வாங்கித் தருகிறேன்' என்பது. தம்பி, நீங்கள் வரிகளை எழுதிய அன்றே அது உங்களுடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்று நம் சட்டத்தில் இல்லை. பதிவு செய்வது ஒரு சான்றுக்காக. அதையும் மத்திய அரசின் காப்பிரைட் அலுவலக இணையதளத்தில் நீங்களே செய்யலாம்: பாடல் வரிகளுக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000, வீடியோவுக்கு 5,000. யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று பார்க்கவே 30 நாள் நிறுத்தி வைப்பார்கள், அதன் பிறகு மாதக் கணக்கில் இழுக்கும். ஆகவே ஒரு வாரத்தில் சர்ட்டிபிகேட் என்று எவர் சொன்னாலும் பொய். 500 ரூபாய் வேலையை ஒரு கல்லூரி மாணவன் தானே முடிக்கும்படி அந்தத் தளத்தை அமைத்திருந்தால் இந்தத் தரகர்களுக்குப் பிழைப்பே இருக்காது. அந்தப் படிவத்தை நிரப்பிப் பார்த்தால் என் எரிச்சல் உங்களுக்கும் புரியும்.

'சென்சார்' அதைவிட வேடிக்கை. தணிக்கை வாரியச் சான்றிதழ் தியேட்டரில் போடும் படத்துக்கு. யூடியூபில் போடுகிற பாட்டுக்கு எந்தச் சென்சாரும் கிடையாது. அதற்கு அவர் எவ்வளவு போட்டிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் சுவாரஸ்யமாக இருக்கும்.

'ஒரு லட்சம் வியூஸ்' இரண்டு விதமாக வரும். ஒன்று, எங்கோ இருக்கும் மெஷின்கள் பார்ப்பது. யூடியூப் அதைக் கண்டுபிடித்தால் எண்ணிக்கையையும் கழிக்கும், வீடியோவையே தூக்கினாலும் தூக்கும். இன்னொன்று, விளம்பரமாக ஓட்டுவது. அது விதிப்படி சரிதான். ஆனால் ஷார்ட்ஸ் அல்லாத வீடியோக்களை வைத்துச் சேனலில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்களும் ஓர் ஆண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அந்த 4,000-இல் விளம்பரம் வழியாக வந்த நேரத்தைச் சேர்க்க மாட்டார்கள். எண் மட்டும் பெரிதாகத் தெரியும். கமென்ட் பக்கத்தில் ஈ ஆடும்.

நான் உண்மையில் பயப்படுவது 'என் சேனலில் ரிலீஸ்' என்ற வரிக்குத்தான். உங்களிடம் பணமும் வாங்கிக்கொண்டு, பாட்டின் உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்வது இப்போது ஒரு தொழிலாகவே நடக்கிறது. 'ரிலீஸ் ஃபார்மாலிட்டி' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும்' என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு அதே பாட்டை உங்கள் சேனலில் போட்டால் உங்கள் மேலேயே உரிமைக் கோரிக்கை வரும். எனக்குத் தெரிந்த ஒரு குழுவுக்கு அப்படித்தான் வந்தது. தங்கள் குரலுக்குத் தாங்களே விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். சட்டம் இதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறது, நீங்கள் கையெழுத்துப் போடாத வரை. 1957-ஆம் ஆண்டு காப்பிரைட் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, எழுத்தில் கையெழுத்தில்லாமல் உரிமை கை மாறாது. தாளில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுதான். எந்த ஊருக்கு என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். அதனால்தான் அந்த 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்பதை அவர்கள் மறக்காமல் போடுகிறார்கள்.

சரி, பீட்டுக்கு வருவோம். இதைக் கேமராவுக்கு முன்னால் முடிக்க வேண்டும். பீட் கை நழுவினால், எடுத்த வீடியோ முழுக்க வீண்.

'ஃப்ரீ' என்று தலைப்பில் போட்டிருக்கும் பீட்டின் கீழே, விவரப் பகுதியைத் திறந்து படியுங்கள். பெரும்பாலும் 'லாப நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு மட்டும்' என்று இருக்கும். நடுநடுவே பீட் மேக்கர் தன் பெயரைச் சொல்லும் குரல் வருகிறதா? அது வந்தால், காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் உங்களிடம் இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அவருக்கே எழுதி, வேவ் ஃபைலோடு (தரம் குறைக்காத ஒலி ஃபைல்) ஒரு லீஸ், அதாவது பீட் அவருடையதாகவே இருக்க நீங்கள் பயன்படுத்தும் அனுமதி, வாங்குங்கள். வழக்கமாக முப்பது, நாற்பது டாலர் சுற்றில் முடியும். லைசென்ஸ் தாளில் உங்களில் ஒருவர் பெயர், பாட்டின் பெயர், எத்தனை ஸ்ட்ரீம் வரை அனுமதி என்று மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். லீஸ் பீட்டை அவர் இன்னும் நூறு பேருக்கு விற்றிருப்பார். ஆகவே அந்தப் பாட்டை யூடியூபின் கன்டென்ட் ஐடியில், அதாவது அதே ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானாகவே கண்டுபிடிக்கும் அமைப்பில், ஏற்றாதீர்கள். ஏற்றினால் அதே பீட்டில் பாடிய மற்றவர்கள் மேல் கோரிக்கை போகும், லைசென்ஸும் ரத்தாகலாம். இந்தச் சேனல்காரர்கள் எதைப் பார்த்தாலும் கன்டென்ட் ஐடியில் ஏற்றுகிறவர்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

பீட்டில் பழைய சினிமாப் பாட்டு ஏதாவது வெட்டி ஒட்டியிருக்கிறதா? ஒரு வயலின் வரி, ஒரு ஆலாபனை? இருந்தால் அந்தப் பீட்டை விட்டுவிடுங்கள். பீட் மேக்கர் தனக்கு இல்லாத உரிமையை உங்களுக்கு விற்க முடியாது. 'ஏழு நொடி வரை எடுக்கலாம்', 'முப்பது நொடி வரை பரவாயில்லை' என்று ஊர் முழுக்க ஒரு கதை ஓடுகிறது. அப்படி ஒரு விதி சட்டத்தில் எங்கும் இல்லை.

உங்கள் ஹெச்.ஓ.டி. சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு கல்லூரியிலும் யாரோ ஒருவர் இதைச் சொல்லி மாணவர்களை மாட்டிவிடுகிறார். அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவில், கல்வி நிறுவனத்தின் நிகழ்ச்சிகளுக்கு ஒரு விலக்கு உண்டு. ஒலிப்பதிவை ஓடவிட்டு நீங்கள் மேடையில் பாடுகிறீர்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் உங்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், கல்லூரியின் செயல்பாடுகளோடு தொடர்புள்ளவர்கள் மட்டும். அப்படியானால் அது உரிமை மீறல் ஆகாது. ஆண்டு விழாவில் நீங்கள் பாடியது சரி. ஆனால் இந்த விலக்கு அரங்கத்துக்குள் நடந்த நிகழ்ச்சிக்கு மட்டும். அதே விழாவைக் கல்லூரி பேஸ்புக்கில் நேரலையாகப் போட்டிருந்தால் பார்த்தவர்கள் யார்? ஊரே பார்த்தது. விலக்கு போச்சு. வேறு கல்லூரிகளை அழைத்து டிக்கெட் போட்டு நடத்தும் கல்ச்சுரல்ஸ் என்றால் அதிலேயே வழக்கறிஞர்கள் சண்டை போடலாம். விழாவில் எடுத்த வீடியோவை யூடியூபில் ஏற்றுவதும், ஸ்டூடியோவில் அந்தப் பீட்டின் மேல் குரல் பதிவு செய்வதும் முற்றிலும் வேறு காரியங்கள். நீங்கள் மாணவராக இருப்பது அங்கே உதவாது. கல்லூரி லோகோ போட்டாலும் உதவாது. 'படிப்புக்காக எடுத்தது' என்று கீழே எழுதினாலும் உதவாது.

இன்னொன்று, ஐந்து பேருக்குள் ஒரு தாள் எழுதுங்கள். யார் வரி, யார் குரல், யார் வீடியோ, வரும்படி எப்படிப் பிரியும் என்று அரைப் பக்கம் போதும், ஐந்து கையெழுத்து. நண்பர்களுக்குள் எதற்கு என்பீர்கள். பாட்டு ஓடாவிட்டால் தேவையில்லைதான்.

இடங்கள். கண்ணகி நகரில் பொதுவெளிச் சுவரில் நிலையாக இருக்கும் ஓவியம் உங்கள் வீடியோவில் வந்தால் ஓவியர் உரிமைப் பிரச்சினை கிடையாது, அதற்கும் 52-ஆம் பிரிவில் இடமிருக்கிறது. ஆகவே அந்த 'லொகேஷன் ஃபீஸ்' யாருக்குப் போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது வெறும் சுவர் கிடையாது, அந்தச் சுவருக்குப் பின்னால் வீடு இருக்கிறது. நகரத்துக்குள் இருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடிவைக்கப்பட்ட மக்கள் அவர்கள். முந்தின நாளே போய் அந்தப் பிளாக்கில் இருக்கிற அக்காக்களிடம் சொல்லிக் கேளுங்கள். கையில் அரிவாளும் வாயில் புகையும் வைத்து அந்தத் தெருவில் கெத்து காட்டும் ஷாட் இருந்தால் வெட்டிவிடுங்கள்.

பறக்கும் ரயில் பிளாட்பாரம் வேண்டாம். ரயில்வே இடத்தில் ஷூட் செய்ய அவர்கள் அனுமதியும் கட்டணமும் வேண்டும், அந்த நடைமுறை சினிமாக் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதியது. அனுமதியில்லாமல் தண்டவாளத்தில் இறங்குவதும் படிக்கட்டில் தொங்குவதும் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியமாக உயிர் போகும். ரயில் உங்கள் ஃப்ரேமில்தானே வர வேண்டும்? அது தலைக்கு மேலே பாலத்தில் போகிறது. கீழே சாலையோரம் நின்று, அண்ணாந்த கோணத்தில் எடுங்கள்.

பீச்சில் ட்ரைபாடும் லைட்டும் வைத்த நிமிடம் யாராவது வந்து அனுமதிக் கடிதம் கேட்பார். மாநகராட்சியில் கேட்டால் போலீஸைக் காட்டுவார்கள், போலீஸில் கேட்டால் மாநகராட்சியைக் காட்டுவார்கள். ஐந்து மாணவர்கள் ஒரு போனை வைத்துக்கொண்டு எடுப்பதற்கும் முந்நூறு பேர் கொண்ட படப்பிடிப்புக்கும் ஒரே வாசல் என்பது எனக்குப் புரியாத நிர்வாகம். பீச்சுக்குப் பதில் ஹாஸ்டல் மொட்டை மாடி. கல்லூரி லெட்டர்ஹெட்டில் முதல்வர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிப் பையில் வையுங்கள். சட்டப்படி அது அனுமதி ஆகாது, ஆனாலும் ரோந்து வரும் காவலரிடம் பேச்சைச் சுருக்கும்.

ட்ரோன் வேண்டாம். பதிவு எண் இல்லாத கல்யாண ட்ரோனைத்தான் 'ஃப்ரீ' என்று கொண்டுவருவார்கள். பிடிபட்டால் அவரோடு நீங்களும் ஸ்டேஷனில் உட்கார வேண்டியிருக்கும்.

ஷூட்டிங்கில் நான் சொல்வதெல்லாம் உதடு பற்றித்தான். ராப் வீடியோ விழுவது அங்கேதான். பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு வாயை மட்டும் அசைக்காதீர்கள், சத்தமாகவே பாடுங்கள். கழுத்து நரம்பும் மூச்சும் பொய் சொல்லாது. பாட்டுக்கு முன்னால் மூன்று பீப் சேர்த்துக்கொள்ளுங்கள், எடிட்டிங்கில் ஒட்ட வசதி. ஒவ்வொரு இடத்திலும் முழுப் பாட்டையும் தூரத்தில், இடுப்பு வரை, முகத்தருகே என்று மூன்று முறை ஓட்டுங்கள். எடுக்கும் போனும் பாட்டு ஓடும் போனும் இரண்டுமே ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும், நல்ல டேக்கின் நடுவில்தான் அம்மா கூப்பிடுவார்.

போனில் எடுப்பதாக இருந்தால் அதன் சொந்த கேமரா ஆப் வேண்டாம். நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (படம்) என்பதை அது தன் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கும், பாட்டின் கடைசிக்கு வரும்போது உதடு தள்ளிப்போயிருக்கும். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம். அதில் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழும் நேரம்) 1/50 நொடி என்று பூட்டிவிடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இந்தக் கணக்கில் எடுத்தால் ட்யூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஓடுவது பெரும்பாலும் நிற்கும். இந்த ஷட்டரில் மதிய வெயில் வெளுத்துவிடும், அதனால் வெளிப்புற ஷாட்டெல்லாம் காலை ஆறிலிருந்து எட்டுக்குள். ஸ்லோ மோஷனில் உதடு பொருந்த வேண்டுமென்றால் 50 ஃப்ரேமில், ஷட்டர் 1/100 வைத்து, பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு அதற்குப் பாடுங்கள், பிறகு பாதி வேகமாக்குங்கள். ஹூக்குக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் வரிக்கு மட்டும் இதைச் செய்யலாம். வெர்ஸை, அதாவது வேகமாக ஓடும் மற்ற வரிகளை, இரட்டை வேகத்தில் பாட எந்த நாக்காலும் முடியாது. எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள்: பீட்டுக்கு 4,000 வரை, மிக்ஸிங் மாஸ்டரிங்குக்கு (குரலையும் பீட்டையும் சமன்செய்து மெருகேற்றும் வேலை) 5,000, லென்ஸோடு ஒரு கேமரா ஒரு நாள் வாடகைக்கு 3,000, சாப்பாடு போக்குவரத்துக்கு 3,000. மீதியைத் தொடாதீர்கள், ஒரு காலை மழையில் போனால் அது வேண்டும். கேமரா வேண்டாம், போன் போதும் என்றால் அந்த 3,000-ஐயும் மிக்ஸிங்கில் போடுங்கள். படம் சுமாராக இருந்தாலும் பார்ப்பார்கள், குரல் குழறினால் பத்தாவது நொடியில் போய்விடுவார்கள்.

அவருக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் போனில் பேசாதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: 'எங்களுக்குக் கேமரா வாடகை மட்டும் போதும், கொடுத்த பணத்தில் அதைக் கழித்து மீதியைத் திருப்பிக் கொடுங்கள். பாட்டின் உரிமை பற்றி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டோம்.' பதில் வரும் வரை மிக்ஸ் செய்த பாட்டு ஃபைலை அவருக்கு அனுப்பாதீர்கள். 'சும்மா கேட்டுப் பார்க்கிறேன்' என்பார், அதற்கும் அனுப்பாதீர்கள்.