வர்ணப்பெட்டி யார் காசில்?

ஐயா, வணக்கம்.

சனிக்கிழமை மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்க வந்தபோது, அவளை வெளி விறாந்தையில் இருத்திவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "சித்திரம் கீறிச் சோறு சாப்பிட முடியுமா?" என்பதுதான். அன்று நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. வெளியே இன்னொரு குடும்பம் காத்திருந்தது. உங்களுக்கும் கடை திறக்கும் அவசரம். அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

கேள்வியில் பிழையில்லை. பெறுபேற்றுத் தாளோடு மகளின் சித்திரக் கொப்பிகளையும் பையில் போட்டுக் கொண்டுவந்தவர் நீங்கள்தான். அக்கறையில்லாத தகப்பன் அப்படிச் செய்யமாட்டார். அந்தக் கொப்பிகளில் மயிலும் தாமரையும் சூரிய அஸ்தமனமும் நிறைய இருக்கின்றன. போட்டிகளுக்குக் கீறியவை, பரிசும் வாங்கியவை. அவற்றை விடுங்கள். நீலமட்டைக் கொப்பியின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். அம்மம்மா திருவலையில் தேங்காய் துருவும் கையை மட்டும் ஆறு தரம் கீறியிருக்கிறாள். முதல் ஐந்திலும் பெருவிரல் பிழை. ஆறாவதில் தேங்காய்ப் பாதியின் பாரம் மணிக்கட்டில் இறங்கியிருக்கிறது. அதை ஒருவரும் கீறச் சொல்லவில்லை, புள்ளியும் போடவில்லை. எனக்கு அவளைப் பற்றி ஏதாவது தெரியுமென்றால் அந்த ஆறு கைகளிலிருந்துதான் தெரியும்.

பாரிஸிலிருக்கும் பெரியம்மா, "உயர்தரப் படிப்பெல்லாம் எதற்கு, இங்கே அனுப்பிவிடுங்கள், இது ஓவியர்களின் ஊர்" என்று தொலைபேசியில் சொன்னதாகச் சொன்னீர்கள். ஓவியர்களின் ஊர் என்பது உண்மைதான். அங்கே ஓவியம் படிக்கப் போய் அங்கேயே வாழ்ந்து முடித்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அதில் ஒரு தகப்பனும் வருகிறார்.

மேரி கசாட் 1844இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். தகப்பன் பங்குத் தரகர், வசதியான குடும்பம். மகள் ஓவியத்தைத் தொழிலாக எடுப்பது அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. ஆனாலும் 1866இல் மகள் பாரிஸுக்குப் போனார். தாயும் குடும்ப நண்பர்களும் துணைக்குப் போனார்கள். அங்கிருந்த பெரிய அரச ஓவியக் கல்லூரி பெண்களைச் சேர்க்கவில்லை. அதன் கதவு பெண்களுக்குத் திறந்தது 1897இல். எனவே ஜெரோம் என்ற ஓவிய ஆசிரியரிடம் தனியாகப் படித்தார். லூவர் அருங்காட்சியகத்தில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு பழைய ஓவியங்களைப் பார்த்துப் பிரதி செய்தார். நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடித்து ரியூசனுக்கு ஓடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1870இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. வீட்டில் தகப்பன் ஒரு கணக்குப் போட்டார்: இருப்பிடமும் சாப்பாடும் தருவேன், வர்ணத்துக்கும் கன்வசுக்கும் சதமும் தரமாட்டேன். மேரி நியூயோர்க்கில் ஒரு கலைக்கூடத்தில் இரண்டு படங்களை வைத்தார். பார்த்தவர்கள் மெச்சினார்கள், வாங்கியவர் எவருமில்லை. 1871இல் சிகாகோவுக்குக் கொண்டுபோன படங்கள் சில, அந்த நகரையே விழுங்கிய தீயில் போயின. ஆண்டுக்கணக்கில் சேர்த்தது ஓர் இரவில் எரிவது எப்படியிருக்கும் என்று யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1981இல் நூலகம் எரிந்ததை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள்.

அவரைத் திரும்ப ஐரோப்பாவுக்கு அனுப்பியது என்ன தெரியுமா? பிட்ஸ்பர்க் ஆயர் கொடுத்த ஓர் ஓடர். இத்தாலியின் பார்மா நகரில் கொரெஜ்ஜோ என்ற பழைய ஓவியரின் இரண்டு படங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துப் பிரதி செய்து தர வேண்டும். வேறொருவர் வரைந்ததை அச்சொட்டாகத் திருப்பி வரையும் வேலை. "நான் சுயமான கலைஞர்" என்று அவர் முகத்தைத் திருப்பவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். பிரதி வேலையோடு வேலையாக, திருவிழாவில் பூ வீசும் இரண்டு பெண்களைத் தன் விருப்பத்துக்கும் வரைந்தார். 1872இல் பாரிஸின் சலோன் என்ற பெரிய அரச ஓவியக் கண்காட்சி அந்தப் படத்தை ஏற்றுக்கொண்டது. அது விலையும் போனது.

1874இல் பாரிஸில் நிரந்தரமாகக் குடியேறினார். பிறகும் ஏறுமுகமாகவே இருந்துவிடவில்லை. 1877இல் சலோனுக்கு அனுப்பியவை திரும்பி வந்தன. அந்த வேளையில்தான் ஓவியர் டெகா, சலோனை விட்டுத் தனியாகக் காட்சி வைத்த இம்ப்ரெஷனிஸ்ட் குழுவோடு சேரும்படி அழைத்தார். 1879இல் அவர்களோடு காட்சிக்கு வைத்தார். இதற்கிடையில் பெற்றோரும் தமக்கை லிடியாவும் பாரிஸுக்கே வந்து அவரோடு குடியிருந்தார்கள். தகப்பன் அங்கேயும் தன் கணக்கை மாற்றவில்லை: ஓவியக்கூடத்துச் செலவு ஓவியத்திலிருந்தே வர வேண்டும். அந்த மனிதரில் எனக்குக் கோபமும் உண்டு, மரியாதையும் உண்டு. முப்பது வயது கடந்த மகளை இன்னும் நம்பாதது கோபம். ஆனால் சோற்றை நிறுத்தி மகளை மடக்கப் பார்க்கவில்லை. வர்ணத்தை இலவசமாகக் கொடுத்துச் சோம்பவும் விடவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் குடும்பத்தில் அண்ணன் பின்னாளில் ரயில் கம்பனித் தலைவரானவர். உங்களுக்கு இருப்பது ஒரு பலசரக்குக் கடை. மேரி விழுந்தால் தாங்க மெத்தை இருந்தது. உங்கள் மகளுக்கு நாம் அதைச் சிறிது சிறிதாகப் பின்ன வேண்டும்.

எப்படி? முதலில் உயர்தரம். அதை விட்டுவிட்டு பாரிஸ் என்ற கதையை நான் ஒப்பமாட்டேன். கலைப்பிரிவில் சித்திரத்தை ஒரு பாடமாக எடுக்கட்டும். உயிரியலுக்குப் போனால் சித்திரத்தைக் கொண்டுபோக முடியாது. "முதலில் விஞ்ஞானம், சித்திரம் பிறகு" என்று நீங்கள் சொன்னதைப் போலவே, பல வருடங்களுக்கு முன் இதே மேசையிலிருந்து நான் ஒரு பையனிடம் சொன்னேன். மூன்று தரமும் பரீட்சை எழுதிக் களைத்துப்போனான். பிறகு அவன் பென்சிலைத் தொடவில்லை. அவனுடைய தாய் இன்றைக்கும் சந்தையில் கண்டால் என்னோடு சிரித்துக் கதைக்கிறார். அது எனக்கு இன்னும் சங்கடம்.

உயர்தரத்துக்குப் பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மடத்துப் பீடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் நான்கு வருடப் பட்டப்படிப்பாக இருக்கிறது. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டம் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் உயர்தரப் பெறுபேற்றில் வரும் இசட் புள்ளியோடு மட்டும் அலுவல் முடியாது, உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். அதற்கு மயிலும் தாமரையும் உதவாது. நீலமட்டைக் கொப்பி உதவும். தேசிய கல்வியியற் கல்லூரி வழியாகச் சித்திர ஆசிரியராவதும் ஒரு பாதை. உங்கள் மனைவிக்கு அதுதான் பிடிக்கும் என்பது தெரிந்ததே.

பாரிஸ் அதற்குப் பிறகு. பட்டத்தோடும் இருபது நல்ல படங்களோடும் பிரெஞ்சோடும் போகிற பிள்ளை வேறு, பெரியம்மாவின் வரவேற்பறையில் படுக்கை விரித்து லாச்சப்பல் என்ற தமிழ்க் கடைத்தெருவில் கல்லாவில் நிற்கப் போகிற பிள்ளை வேறு. பிரெஞ்சில் நடக்கும் பட்டப்படிப்புகளுக்குப் பெரும்பாலும் பி2 எனப்படும் மேல் இடைநிலை மொழித் தேர்ச்சி கேட்பார்கள். இன்றைக்குத் தொடங்கினால் மூன்று நான்கு வருடத்தில் அங்கே வந்து சேரலாம். மாணவர் விசாவில் அங்கே வருடத்துக்கு 964 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அந்த உழைப்பில் வாடகையும் வர்ணமும் இரண்டும் நடக்காது. பெரியம்மாவிடம் உதவி கேட்பதென்றால் விமான டிக்கெட்டைக் கேட்காதீர்கள். இரண்டு வருடத்துக்குப் பிரெஞ்சு வகுப்புக் காசைக் கேளுங்கள்.

இனி சோற்றுக் கேள்வி. போகிற போக்கில், சிரித்துக்கொண்டு, ஒன்று சொன்னீர்கள். அம்மப்பாவின் அந்தியேட்டிக் கல்வெட்டில், அந்த நினைவுப் புத்தகத்தில், போட நல்ல படம் ஒன்றும் இல்லாமல், அடையாள அட்டையிலிருந்த மங்கல் படத்தைப் பார்த்து மகள் கீறிக் கொடுத்தாளாம். பாரிஸில் அதைப் பார்த்தவர்கள் தங்கள் தாய் தகப்பனையும் அப்படிக் கீறித் தரச்சொல்லிக் கேட்டார்களாம். நீங்கள் அதைப் பகிடியாகச் சொன்னீர்கள். எனக்கு அது மேரியின் பார்மா ஓடர் என்று பட்டது. இடம்பெயர்வுகளில் படப்பெட்டிகளைத் தொலைத்த வீடுகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அந்த வீடுகளுக்கு மிஞ்சியிருப்பது பெருவிரல் நகமளவு படம் ஒன்றுதான். அதிலிருந்து ஒரு முகத்தை மீட்டுக் கொடுப்பது கைத்தொழில், அதற்கு விலை உண்டு.

ஆகவே மேரியின் தகப்பனிடமிருந்து பாதியைக் கடன் வாங்குவோம். வீடு, சாப்பாடு, ரியூசன், பஸ் காசு உங்களுடையது. வர்ணமும் தாளும் அவளுடைய ஓடர் காசில். மாதத்துக்கு இரண்டு முகம் போதும், பரீட்சை கிட்டினால் அதுவும் வேண்டாம். தனிக் கணக்குக் கொப்பி ஒன்று வைக்கட்டும். கடைக் கணக்கு எழுதும் நீங்களே அதைக் கீறிக் கொடுங்கள்: வரவு, செலவு, மீதி.

வரும் சனிக்கிழமை காலை வாருங்கள். இம்முறை அவளை விறாந்தையில் இருத்த வேண்டாம், உள்ளே கூட்டி வாருங்கள். பெரியம்மாவின் சிநேகிதி கேட்ட படத்துக்கு என்ன விலை சொல்லப்போகிறாள் என்று அவளிடம் கேட்க வேண்டும். நீலமட்டைக் கொப்பியையும் மறக்காதீர்கள்.