களக் கொப்பி வேறு, முகநூல் வேறு

ஊர்களில் போய் இருந்து ஆய்வு செய்வது, அதை இணையத்தில் எழுதுவது, அந்த எழுத்தால் ஒரு பெயர் எடுப்பது. இவை பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வாவிக் கரை ஊர்களில் பல வருடங்கள் கொப்பியும் கையுமாகத் திரிந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

வந்தாறுமூலை மாணவி: களத்தில் பார்ப்பதை அன்றன்றே முகநூலில் எழுதலாமா?

வேண்டாம் தங்கச்சி. அன்றன்று எழுத வேண்டியது கொப்பியில். மானிடவியலின் பெரிய பெயரான மாலினோவ்ஸ்கி நியூகினிப் பக்கத் தீவுகளில் எழுதிய நாட்குறிப்பு, அவர் இறந்து 25 வருடங்களுக்குப் பிறகு 1967இல் அச்சாகியது. தான் ஆய்வு செய்த மக்கள்மேல் அவருக்கு வந்த எரிச்சலும் வெறுப்பும் அதில் அப்படியே கிடந்தன. வாசித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். களைப்பில், கோபத்தில், பாதி விளங்கிய நிலையில் எழுதுவதற்குத்தான் கொப்பி இருக்கிறது. அதை ஊருக்குத் திறந்து காட்டக் கூடாது.

வட்டைக்குள், அதுதான் வயல்வெளிக்குள், போய் ஒரு நாள் நின்றீர்கள் என்று வைப்போம். சூடடிக்கும் களமான களவெட்டியில் நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்கிறார்கள். அதை எழுதுங்கள், எல்லோருக்கும் பயன்படும். அதே களவெட்டியில் யார் எந்தப் போடியாரிடம் (பெரிய வயற்காரரிடம்) எவ்வளவு கடன் என்றும் காதில் விழுந்திருக்கும். அது கொப்பியோடு நிற்க வேண்டும்.

அக்கரைப்பற்று ஆசிரியர்: வயதானவர்களிடம் நாட்டார் கவி சேகரிக்கிறேன். பெயரை மாற்றிப் போட்டால் போதுமா?

போதாது சேர். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இங்கே வீடு பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போகும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு அம்மா தன் இரண்டு மகள்மாருக்கும் வீடு எழுதிக் கொடுத்ததில் வந்த மனத்தாங்கலை என்னிடம் கதைத்தார். நான் பெயரையும் ஊரையும் மாற்றி எழுதினேன். ஆனால் முற்றத்து மரம் ஒன்றைப் பற்றி ஆசையாக ஒரு வரி வைத்துவிட்டேன். கட்டாரில் வேலை செய்யும் உறவுக்காரப் பொடியன் அந்த மரத்தை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்து, அன்றிரவே போன் எடுத்துவிட்டான். அடுத்த நாள் போனபோது அந்த அம்மா சத்தம் போடவில்லை. “மனே, நான் உனக்குத்தானே சொன்னன்” என்றார். அந்தச் சொல் இன்னும் காதுக்குள் கிடக்கிறது. அன்றே பதிவை நீக்கினேன்.

வெளியாளிடம் மறைக்கப் பெயர் மாற்றம் உதவும். ஊராளிடம் உதவாது. நம்மை வாசிப்பவர்களோ பெரும்பாலும் ஊராட்கள். கவியில் இன்னொன்றும் இருக்கிறது. பாடியவர் தன் பெயர் வர வேண்டும் என்று விரும்பலாம். அப்போது மறைப்பதும் அநியாயம். கேட்டு முடிவெடுங்கள்.

மருதமுனை வாசகர்: எங்கள் வீட்டில் தறி இருக்கிறது. நெசவைப் பற்றி எழுதிச் சாரனும் சேலையும் விற்கவும் ஆசை. இது ஆய்வா, விளம்பரமா?

இரண்டுமாக இருக்கலாம் தம்பி, மறைக்காமல் இருந்தால். “இது எங்கள் வீட்டுத் தறி, இந்தச் சேலை விற்பனைக்கு” என்று முதல் வரியிலேயே போடுங்கள். உள்ளே இருப்பவருக்குத் தெரிவது வெளியிலிருந்து வருபவருக்குத் தெரியாது. பாவு நூல் ஒன்று அறுந்தால் தறியின் சத்தம் மாறுவதை உம்மா அடுப்படியிலிருந்தே கண்டுபிடிப்பாரா? அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட எவ்வளவு நேரம் போகிறது, அந்த நேரத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? இதை எழுதுங்கள். ‘பாரம்பரியம்’, ‘கைவண்ணம்’ என்று எல்லோரும் எழுதுவதை நீங்களும் எழுதினால் யாருக்கும் நினைவில் நிற்காது. கூலிக்கு நெய்பவர்களின் முகத்தை மட்டும் உங்கள் கடைப் படமாக்க வேண்டாம்.

கல்லடி: எந்தத் தளம் நல்லது?

நம் ஆட்கள் இருப்பது முகநூலில், ஆனால் பழைய பதிவைத் தேடி எடுப்பது அங்கே பெரும்பாடு. நீண்ட கட்டுரையை வேர்ட்பிரஸிலோ சப்ஸ்டாக்கிலோ வைத்து, முகநூலில் இணைப்புக் கொடுங்கள். எங்கே எழுதினாலும் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம் 2019இல் மூடப்பட்டது நினைவிருக்கும்தானே.

வாழைச்சேனை: ஊர்க் குழுக்களில் ஆட்கள் எழுதும் கருத்துகளை ஆய்வுக்கு எடுக்கலாமா?

குழுவை நடத்துபவரிடம் நீங்கள் ஆய்வாளர் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அப்புறம், ஒருவர் எழுதிய வரியை அப்படியே மேற்கோள் காட்டாதீர்கள். அதைத் தேடுபொறியில் போட்டால் ஆள் அகப்பட்டுவிடுவார். கருத்தை உங்கள் சொல்லில் எழுதுங்கள். பல்கலைக்கழக மாணவர் என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும்.

களுவாஞ்சிக்குடி: கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு நேரத்தில் தெய்வம் ஆடுபவரைக் காணொளி எடுத்துப் போடலாமா?

கோயிலை நடத்தும் வண்ணக்கரிடம் மட்டும் கேட்டால் போதாது. ஆடியவர் தெளிந்து, தண்ணீர் குடித்து, தானாக இருக்கும்போது அவரிடமும் கேளுங்கள். இரண்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான்.

கல்முனை: ஒரு வருடத்தில் இந்தத் துறையில் பெயர் எடுக்க என்ன செய்ய வேண்டும்?

ஒரே ஊர், ஒரே பொருள். இன்றைக்குக் கூத்து, நாளைக்குத் தயிர், மறுநாள் அரசியல் என்று போனால் ஆளை ஒருவரும் நினைவில் வைக்க மாட்டார்கள். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் ஆய்வைத் தொடங்கியது 1969இல். தமிழர், முஸ்லிம்களின் தாய்வழிக் குடிமுறை பற்றியெல்லாம் பேசும் அவருடைய பெரிய நூல் வந்தது 2008இல். உங்களை அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்லவில்லை. மாதம் ஒன்று எழுதுங்கள், அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். “அந்த ஊர் விசயம் என்றால் அவரைக் கேளுங்கள்” என்று நாலு பேர் சொல்வதுதான் நமக்குப் பெயர். விருப்பக்குறி எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

ஆரையம்பதி: வாசிக்கத் தெரியாதவர்களிடம் சம்மதம் எடுப்பது எப்படி?

எழுதியதை அவர்கள் முன்னால் இருந்து உரக்க வாசியுங்கள். மேலே சொன்ன அம்மாவிடம் சில மாதம் கழித்துப் போய், புதிதாக எழுதியதை விறாந்தையில் இருந்து வாசித்துக் காட்டினேன். பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டார். இரண்டு இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தி, அந்த வரிகளை எடுக்கச் சொன்னார். பிறகு ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: கூரை ஓட்டுக்குக் காசு போட்டது சின்ன மகள். அதுவரை எனக்கு அது தெரியாது. இங்கே இதைச் சொல்லவும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.