மனச்சோர்வு: பெங்களூர்த் தமிழர்கள் கேட்டவை

அல்சூர் வாசகர்: ரெண்டு மாசமா எதுலயும் மனசு ஒட்டல. விடியக்காலை நாலு மணிக்கே முழிப்பு வந்துடுது. வேலை டென்ஷனா, டிப்ரஷனா அக்கா?

டென்ஷன் என்றால் லீவு நாளில் கொஞ்சமாவது இறங்கும். மனச்சோர்வு ஞாயிற்றுக்கிழமையும் விடாது. மனம் வாடிக் கிடப்பது, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்கும். கூடவே தூக்கக் கோளாறு, பசி மாற்றம், அசதி, கவனக்குறைவு, குற்ற உணர்வு, மந்தம் அல்லது நிலைகொள்ளாமை, சாவு எண்ணம் எனச் சேர்த்து மொத்தம் ஐந்தாவது ஏறக்குறைய தினமும் இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீங்கள் இரண்டு மாதம் பொறுத்துவிட்டீர்கள், இனித் தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 சோதனையும் செய்யச் சொல்வார்கள். ரிப்போர்ட் நார்மல் என்றால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை.

ஸ்ரீராமபுரம்: பத்து நாளா மனச்சோர்வுக்கு எஸ்சிட்டாலோப்ராம் மாத்திரை 10 மி.கி. போடறேன். குமட்டல்தான் மிச்சம். பழக்கமாயிடும்னு பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேற சொல்றாங்க. நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. இந்த மாத்திரையில் தொல்லை முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். பலர் விட்டுவிடுவதும் சரியாக இந்த இடைவெளியில்தான். குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தணியும். பலன் 2 முதல் 4 வாரத்தில் தலைகாட்டும், முழுதாகத் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகலாம். சாப்பிட்ட பின் போட்டுப் பாருங்கள். தூக்கம் கெட்டால் காலை வேளைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். படபடப்பு திடீரென ஏறினாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, தூங்காமலே உற்சாகம் பொங்கினாலோ அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அடிமையாக்கும் மாத்திரை இதுவல்ல. அந்தப் பயம் அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகளுக்குத்தான் பொருந்தும். ஆனால் சட்டென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்ந்து, டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைப்பதே முறை.

சிவாஜிநகர்: அம்மா கைகால் வலி, வயித்தெரிச்சல்னு டாக்டர் மாத்தி டாக்டரா பாக்கறாங்க. மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்னு சொன்னாலே பயம். கன்னடமும் தெரியாது.

வயதானவர்களுக்கு மனச்சோர்வு பல நேரம் உடல் வலியாகவே வெளிப்படும். "தூக்கத்துக்கும் வலிக்கும் காட்டிட்டு வரலாம்மா" என்று கூப்பிடுங்கள், அது பொய்யும் இல்லை. அதற்கு முன் 14416-இல் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையை அழைத்துத் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம். 2022 முதல் இயங்கும் அரசு சேவை இது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு. டாக்டரிடம் போகும்போது பிரஷர், சுகர் மாத்திரை அட்டைகள் அத்தனையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு வாரம் அம்மா எப்போது தூங்கி எப்போது எழுந்தார் என்றும் குறித்துக் கொடுங்கள்.

கே.ஆர்.புரம்: "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி"ன்னு தம்பி சொல்றான். கேட்டா கிளறிவிட்ட மாதிரி ஆயிடுமோ?

ஆகாது. நேராகக் கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதாடா? எப்படின்னு யோசிச்சிருக்கியா?" "அப்படியெல்லாம் நினைக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும். வழியை யோசித்து வைத்திருந்தால் அவனைத் தனியே விடாதீர்கள். மாத்திரை, எலி மருந்து எதுவும் கைக்கு எட்டக் கூடாது. ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும், கூடவே அழைத்துப் போங்கள். ஆபத்து உடனடியாக இருந்தால் 112.

ஒயிட்ஃபீல்டு: மனநல சிகிச்சை எடுத்தா ஆபீஸுக்குத் தெரிஞ்சுடுமா?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம், ஆஸ்பத்திரி ஆபீஸுக்குச் சொல்லாது. லீவுக்குச் சான்றிதழ் வாங்கும்போது நோயின் பெயர் வேண்டாம், ஓய்வு தேவை என்று மட்டும் எழுத முடியுமா என்று கேளுங்கள்.